முப்பது வரை எண்ணினார்கள்

எங்கள் கல்லூரி ஆண்டு விழாவில், பரிசு வாங்குகிறவர்களின் பெயர்களை ஒலிபெருக்கியில் வாசித்துக்கொண்டிருந்தபோது நான் இறந்துபோனேன். எழுதிப் பார்த்தால் எனக்கே அபத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் மருத்துவர் சுற்றி வளைக்காமல் சொன்னார்: "ஹார்ட் நின்னுபோச்சு சார். நின்னுபோனா அதுக்குப் பேரு அதுதான். மறுபடி ஓட வெச்சுட்டாங்க." வழியில் பழுதாகி நின்ற பேருந்தைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னார்.

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகும் சாலையில், சவுக்குத் தோப்பை ஒட்டி இருக்கிறது எங்கள் கல்லூரி. லுத்தரன் சபை நடத்துவது. சின்னது. யாராவது ஒரு நாள் வராவிட்டால் கேன்டீன்காரருக்குக்கூடத் தெரிந்துவிடும். நான் அங்கேதான் படித்தேன், இப்போது அங்கேயே வணிகவியல் கற்பிக்கிறேன். எங்கள் பெற்றோர் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். சபை விடுதியில் எனக்கு இடம் கிடைத்திருக்காவிட்டால் நானும் அதையேதான் செய்திருப்பேன். அதனால் ஆண்டு விழா என்றால் எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே பொங்கும். வேறு யாரையும் தொகுத்து வழங்க விடமாட்டேன். மைக் என்னுடையது.

அந்த ஆண்டு கொண்டாடுவதற்கு நிறையவே இருந்தது. எங்கள் பெண்கள் அணி த்ரோபாலில் சென்னையின் பெரிய கல்லூரி ஒன்றைத் தோற்கடித்திருந்தது. ஒரு மாணவி பல்கலைக்கழகத் தரவரிசையில் வந்திருந்தாள். பாடகர் குழு ஏதோ போட்டியில் கோப்பை வாங்கி, அதை ஒரு வாரமாகக் கையிலேயே தூக்கிக்கொண்டு திரிந்தது. வாசலில் வாழைமரம், மேடையில் தாள் தோரணம், மெஸ்ஸிலிருந்து பிரியாணி வாசனை. அரங்கத்துக்கு மேலே தகரக் கூரை. மாலை நான்கு மணி வெயில் கூரை வழியாக இறங்கி எல்லோர் தலையிலும் உட்கார்ந்திருந்தது.

காலையிலிருந்தே எனக்குத் தாடை வலித்தது. கடைவாய்ப் பல் என்று நினைத்துக் கிராம்பு ஒன்றை அடக்கிக்கொண்டேன். இடது கை கனமாக இருந்தது. அதற்கு மைக்கைக் குற்றம் சொன்னேன். த்ரோபால் அணித்தலைவியின் பெயரை வாசிக்கத் தொடங்கினேன். முதல் இரண்டு எழுத்துகள் வந்தன.

அவ்வளவுதான். அதற்குமேல் எனக்கு ஒன்றும் தெரியாது. வெளிச்சம் தெரிந்ததா, யாராவது கூப்பிட்டார்களா என்று சபையில் பலர் ஆசையாகக் கேட்டார்கள். ஏமாற்றத்தான் முடிந்தது. இரண்டு எழுத்துகள், அப்புறம் சதுரம் சதுரமாக வெள்ளைப் பலகை பதித்த ஒரு கூரை. நடுவில் எதுவுமே இல்லை. இருட்டு என்று சொல்லக்கூட இருட்டு இருந்திருக்க வேண்டுமே.

அந்தக் கூரையைப் பார்த்ததும் எனக்குத் தோன்றிய முதல் எண்ணம், மீதிப் பெயர்களை யார் வாசித்தார்கள் என்பது. பேச வாயைத் திறந்தேன். தொண்டையில் முள்ளாகக் குத்தியது. குழாய் போட்டிருந்தார்களாம். நெஞ்சின் மேல் யாரோ உரலை வைத்துவிட்டு மறந்துபோனதுபோல் வலித்தது.

"கீழ விழுந்துட்டேனா?" என்று செவிலியரிடம் கரகரத்தேன்.

"விழுந்தது மட்டுமா?" என்று சொல்லிவிட்டு அவர் என் மனைவியைக் கூப்பிடப் போனார்.

மனைவி வந்து கட்டிலின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னைத் தொடவில்லை. தொட்டால் உடைந்துவிடுவேன் என்பதுபோல் பார்த்தாள். கூடுவாஞ்சேரியில் ஆரம்பப் பள்ளி ஆசிரியை அவள். முரட்டுப் பிள்ளைகளையெல்லாம் கண்ணாலேயே உட்கார வைக்கிறவள். அன்று அவள் உதடு அவள் பேச்சைக் கேட்கவில்லை.

அவளுக்கு விஷயம் தெரிந்த விதத்தைப் பிறகு சொன்னாள். யாரும் அவளுக்குப் போன் செய்திருக்கவில்லை. எல்லோரும் என்னோடு இருந்தார்கள். பள்ளி விட்டு வந்து காபி போட்டுவிட்டுக் கைபேசியைப் பார்த்திருக்கிறாள். சபை வாட்ஸ்அப் குழுவில் ஒரு காணொளி. தட்டும்போது விரல் பட்டு நடுவுக்கு ஓடிவிட, கூட்டமாக ஆட்கள் 'பன்னெண்டு, பதிமூணு, பதினாலு' என்று ஒரே குரலில் கத்துவது கேட்டிருக்கிறது.

"ஏதோ கேம் வெச்சிருக்கீங்கன்னு நெனச்சேங்க. சிரிச்சேன்கூட. சத்தத்த கூட்டி வெச்சேன். யாரோ கீழ படுத்திருக்காங்கன்னு தெரிஞ்சுது. அப்புறம்தான் சட்டையப் பாத்தேன்."

காலையில் அவள் இஸ்திரி போட்டுக் கொடுத்த நீலக் கட்டம் போட்ட சட்டை. பொத்தானெல்லாம் பிய்ந்து இரண்டு பக்கமும் விரிந்து கிடந்திருக்கிறது.

"சிரிச்சேனே, சிரிச்சேனே" என்று அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் விழுந்ததைவிட அந்தச் சிரிப்புத்தான் அவளை அதிகம் உலுக்கியிருந்தது.

நானும் அந்தக் காணொளியைப் பார்க்க வேண்டும் என்றேன். மகன் முதலில் மறுத்தான். நாவலூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்கிறவன். செய்தி கேட்டு அலுவலகத்திலிருந்து பைக்கில் பறந்து வந்திருந்தான். நான் விடாமல் கேட்டதால் கைபேசியை என் முகத்துக்கு நேராகப் பிடித்தான். மனைவி எழுந்து வெளியே போய்விட்டாள்.

நான் கீழே விழுவது அதில் இல்லை. விழுந்த பிறகுதான் யாரோ படம்பிடிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். கீழே விழுந்த மைக் அணையாமல் ஊளையிடுகிறது. என் முகத்தில் யாரோ தண்ணீர் அடிக்கிறார்கள். இன்னொருவர் வலிப்பு என்று நினைத்து என் கையில் சாவிக்கொத்தைத் திணிக்கிறார். அது நழுவி விழுகிறது. மறுபடி திணிக்கிறார். சிறப்பு விருந்தினர் தன் நாற்காலியை மெல்லப் பின்னுக்கு நகர்த்திக்கொள்கிறார். எங்கள் முதல்வர் அம்மா பட்டுப்புடவையோடு தரையில் மண்டியிட்டு என் தலையில் கை வைக்கிறார்.

"கர்த்தாவே, உம்முடைய பிள்ளை உம்மிடத்தில் வருகிறான்…"

மைக் பக்கத்திலேயே கிடந்ததால் அந்த ஜெபம் அரங்கம் முழுக்கக் கேட்டிருக்கிறது. சாகிறவர்களுக்குச் செய்கிற ஜெபம் அது. என் அப்பாவுக்காக நானே சொல்லியிருக்கிறேன். எனக்காக ஒருவர் அதைச் சொல்வதை, கட்டிலில் படுத்துக்கொண்டு, சலைன் ஏறிக்கொண்டிருக்கும்போது கேட்டேன். 'மேடம், அவசரப்படாதீங்க' என்று திரையைப் பார்த்துச் சொல்ல வேண்டும்போல இருந்தது.

அப்போது 'டமடம'வென்று ஒரு சத்தம். பரிசுக் கோப்பைகள் வைத்த தட்டை யாரோ போட்டுவிட்டார்கள். தட்டோடு மேடை ஓரத்தில் நின்றிருந்த ஒரு பெண் ஆட்களை இடித்துக்கொண்டு வருகிறாள். ஒல்லி. தலையில் சாம்பல் நிறத் துணி. பி.காம். இரண்டாம் ஆண்டு, என் வகுப்பு மாணவி. மூன்றாவது பெஞ்சின் சுவரோரம். கேள்வி கேட்டால் பதில் சொல்வாள், கேட்காவிட்டால் வருடம் முழுக்கப் பேசமாட்டாள். சதுரங்கப்பட்டினத்திலிருந்து பேருந்தில் வருகிறவள் என்பதைத் தவிர அவளைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. கல்லூரியின் முதலுதவிக் குழுவில் இருந்திருக்கிறாள். ஒருமுறை ரப்பர் பொம்மை ஒன்றை வைத்து அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அதோடு சரி.

"நவுருங்க! நவுருங்க சார்!"

அது அவள் குரல் என்று நம்ப முடியவில்லை. என் கழுத்தில் இரண்டு விரலை வைத்துப் பார்க்கிறாள். சட்டையை இழுத்துக் கிழிக்கிறாள். உள்ளங்கை மேல் உள்ளங்கை வைத்து, முழங்கை மடங்காமல், தன் உடம்பின் முழு எடையோடும் என் நெஞ்சில் அழுத்தத் தொடங்குகிறாள்.

என் உடம்பு குதிக்கிறது. வயிறு குலுங்குகிறது. அது நான்தான் என்று தெரிந்தும், இந்த ஆளை ஏன் இப்படிப் போட்டு வதைக்கிறார்கள் என்றுதான் மனம் கேட்டது.

அடுத்து ஒரு ஆண் குரல்: "போதும்மா, வுட்ரு. சார் போயிட்டாரு."

அந்தக் குரலை எந்தக் கூட்டத்திலும் அடையாளம் சொல்வேன். எங்கள் உடற்கல்வி ஆசிரியர். அதே விடுதியில் என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவன். என் கல்யாணத்துக்கு மாப்பிள்ளைத் தோழன். அவன் அவள் தோளைப் பிடித்து இழுக்கிறான். அவள் அவன் கையை உதறுகிறாள். அழுத்துவதை நிறுத்தாமலே, மூச்சு வாங்க, முதல்வரைப் பார்த்துக் கத்துகிறாள்:

"மேடம், எண்ணுங்க! எனக்கு எண்ணிக்க தவறிப்போவுது. சத்தமா எண்ணுங்க! முப்பது வரிக்கும்!"

ஜெபம் பாதியில் நின்றது. முதல்வர் அம்மா ஒரு கணம் விழித்தார். பிறகு கீழே கிடந்த மைக்கை எடுத்தார். "ஒன்னு, ரெண்டு, மூணு…" என்று தொடங்கினார். ஏழோ எட்டோ வரும்போது பாடகர் குழு சேர்ந்துகொண்டது. அப்புறம் அரங்கமே சேர்ந்துகொண்டது. மாணவர்கள், பெற்றோர், மெஸ் சமையல்காரர்கள், ஓட்டுநர் எல்லோரும் எண்ணினார்கள். முப்பது வந்ததும் அவள் தலையாட்டினாள். என் நண்பன் மண்டியிட்டு, என் மூக்கைப் பிடித்து, வாயில் ஊதினான். மறுபடி ஒன்று. அவள் கை ஓய்ந்தபோது த்ரோபால் அணித்தலைவி அந்த இடத்துக்கு வந்தாள். நான் பாதிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் மேடையேறி வந்தவள், கோப்பைக்குப் பதிலாக என் நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். மாற்றி மாற்றி இருவரும். தகரக் கூரை அதிர அதிர எண்ணிக்கை போய்க்கொண்டே இருந்தது.

ஆம்புலன்ஸ்காரர்கள் ஓடி வருகிறார்கள். நெஞ்சில் எதையோ ஒட்டுகிறார்கள். எல்லோரையும் விலகச் சொல்கிறார்கள். என் உடம்பு ஒருமுறை தூக்கிப் போடுகிறது. படம் அங்கே முடிகிறது.

மகன் கைபேசியை எடுத்துக்கொண்ட பிறகு நெடுநேரம் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அழுகை வரும் என்று மகன் எதிர்பார்த்திருப்பான் போல. வரவில்லை.

நண்பன் பார்க்க வந்தான். ஆப்பிள் வாங்கி வந்திருந்தான். வந்ததும் பேச்சைத் தொடங்கிவிட்டான்.

"மச்சான், காலைல இன்னா துன்ன? கிராம்பு வாசன. உன் வாயில ஊதனதுக்கு அப்பால ரெண்டு நாளு எனக்குச் சோறே எறங்கல."

"நான் போயிட்டேன்னு நீதான சொன்ன? வீடியோல கேட்டேன்."

அவன் முகம் அப்படியே இறங்கிப்போனது. ஆப்பிள் பையை மடியில் வைத்து முடிச்சை அவிழ்த்தான், திரும்பப் போட்டான்.

"இன்னா பண்ணச் சொல்ற மச்சான்? எனக்கு அப்டிதான் தெரிஞ்சுது. செத்தவனப் போட்டு அந்தப் புள்ள அடிக்குதேன்னு இருந்துச்சு. அவ மட்டும் என் பேச்சக் கேட்டிருந்தா…"

அந்த வாக்கியத்தை அவனால் முடிக்க முடியவில்லை. எனக்கும் அவன் முடிப்பதைக் கேட்க விருப்பமில்லை. இருவரும் ஆப்பிளை அறுத்துத் தின்றோம்.

இரத்தக் குழாயில் அடைப்பு நீக்கி, சின்ன வலைக்குழாய் ஒன்று வைத்து, வீட்டுக்கு அனுப்பினார்கள். விலா எலும்புகள் சில ஒடிந்திருந்தன. தும்மினால் உயிர் போகும். குரல் அடியோடு மாறிவிட்டது. யாரோ கிழவன் என் தொண்டைக்குள் உட்கார்ந்து பேசுவதுபோல் இருந்தது. அந்தப் பெண்ணுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று தினமும் நினைப்பேன். நன்றி என்ற சொல்லை அவ்வளவு பெரிய காரியத்துக்கு எப்படிக் கொடுப்பது என்று தெரியாமல் தள்ளிப்போட்டேன்.

அதற்குள் அவள் வீட்டிலிருந்தே போன் வந்தது.

"சார், நான் சட்ராஸ்லேந்து, சதுரங்கப்பட்டினத்துலேந்து பேசறேன் சார். மீன் வலக் கட வெச்சிருக்கேன். அந்தப் பொண்ணோட அத்தா."

நான் பரபரப்பாக எழுந்து உட்கார்ந்தேன். விலா கத்தியது. "ஐயா, நானே வந்து பாக்கணும்னு…"

"சார், அதுக்கில்ல. அவ காலேஜுக்கே போவல சார் அன்னிலேந்து. சரியா துன்றதில்ல. தலகாணிய வெச்சி அமுக்கினே கீறா. நீங்க மௌத்தாயிட்டீங்கன்றா. உசுரோடதான் கீறாருன்னு நாங்க எவ்ளோ சொல்லியும் நம்ப மாட்டேன்றா. அவளத் தேத்தறதுக்கு எல்லாரும் பொய் சொல்றோமாம். கூடப் படிக்கற பொண்ணு யாரோ போன்ல உங்க போட்டோ அனுப்பிச்சிருக்கா, அதையே காட்றா."

நான் உயிரோடு இருக்கிறேன் என்பதைச் சந்தேகப்படுகிற ஒருத்தி உலகத்தில் இருக்கிறாள், அதுவும் அவள்.

"போன அவகிட்ட குடுங்க, நான் பேசறேன்."

போன் கைமாறும் சத்தம் கேட்டது. "என்னம்மா, நான் சார் பேசறேன்" என்றேன், அந்தக் கிழவன் குரலில். எதிர்முனையில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவள் போனைத் தள்ளி வைத்துவிட்டுத் தன் தகப்பனிடம் சொல்வது தெளிவாகக் கேட்டது: "இது சாரோட கொரல் இல்ல அத்தா. வேற யாரோ."

தகப்பன் மறுபடி பேசினார். "சார், தப்பா நெனக்காதீங்க. நீங்க வந்து எதிர்ல நின்னா போதும். ஒரு வார்த்தகூட பேச வேணாம்."

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகாமல் கிளம்பினோம். மகன் கார் ஓட்டினான். ஒவ்வொரு வேகத்தடைக்கும் மனைவி என் நெஞ்சுக்குக் குறுக்கே கையை நீட்டிக்கொண்டே வந்தாள். செங்கல்பட்டு தாண்டி, கல்லூரி வாசல் வந்தபோது மகன் சட்டென்று பிரேக் போட்டான்.

வாசலில் ஒரு பெரிய பிளெக்ஸ் பேனர். அதில் என் முகம். அடையாள அட்டையிலிருந்து எடுத்துப் பெரிதாக்கிய, சிரிக்காத முகம். முட்டை வடிவச் சட்டத்துக்குள் வைத்து, சுற்றிலும் மல்லிகையும் ரோஜாவும் அச்சடித்து, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு வேறு. வலது ஓரத்தில் அந்தப் பெண்ணின் சின்னப் படம். கீழே, சாலையிலிருந்து படிக்க முடியாத எழுத்தில், உயிர் காத்த மாணவிக்குப் பாராட்டு என்று இருந்தது.

"கண்ணீர் அஞ்சலிதான் மிஸ்ஸிங்" என்றான் மகன். யாரும் சிரிக்கவில்லை.

எதிர் டீக்கடைக்காரர் காரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். கையில் டம்ளரோடு அப்படியே நின்றார். "சார்?" என்றார். "நீங்க… போஸ்டரு…"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தோழி யாரோ பேருந்திலிருந்தே அந்தப் பேனரைப் படம்பிடித்து அவளுக்கு அனுப்பியிருக்கிறாள். அவசரத்தில் என் பக்கம் மட்டும்தான் விழுந்திருக்கிறது. பூச்சட்டத்துக்குள் என் முகத்தைப் பார்த்த பிறகு யார் என்ன சொன்னாலும் அவள் எப்படி நம்புவாள்? அவளைக் கொண்டாட வைத்ததுதான். எங்கள் கல்லூரியில் ஒன்றென்றால் பேனர் வைக்காமல் இருக்கமாட்டோம்.

முதல்வருக்குப் போன் போட்டேன். "மேடம், என் படத்தச் சுத்தி எதுக்கு மல்லிப்பூ?"

"அழகா இருக்கட்டும்னுதான்பா…" என்று தொடங்கியவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். "ஐயோ" என்றார். "ஐயோ, இயேசுவே. நான் அப்படிப் பாக்கவே இல்லையே." நாங்கள் திரும்பி வரும்போது பேனர் இல்லை, இரண்டு சவுக்குக் கழிகள் மட்டும் நின்றன.

திருக்கழுக்குன்றம் தாண்டி, அணுபுரம் குடியிருப்பைத் தாண்டி, சதுரங்கப்பட்டினத்துக்குள் நுழைந்தபோது மதியத் தொழுகைக்கு ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். பச்சையும் நீலமுமாக நைலான் வலைகள் தொங்கும் கடை. பின்னாலேயே வீடு. தகப்பன் தெருவிலேயே காத்திருந்தார். நரைத்த தாடி, சட்டைப் பையில் வலை பின்னும் ஊசி. என் கையைப் பிடித்தவர் விடவே இல்லை. மகளை நம்பவைக்கக் கூப்பிட்டவர், அந்தக் கையை அழுத்தி அழுத்தித் தானும் சரிபார்த்துக்கொள்வதுபோல் இருந்தது.

"வூட்டுக்குள்ள வாங்க சார். வாம்மா. தம்பி, வாப்பா."

உள்ளே அவள் அடுப்படிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பாதியாகியிருந்தாள். என்னைப் பார்த்தாள். ஓடவும் இல்லை, வரவும் இல்லை. என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்து வந்த அத்தனையும் எனக்கு மறந்துபோயிற்று.

"அட்டென்டன்ஸ் கொறையுதும்மா" என்றேன்.

அவள் அங்கேயே சரிந்து உட்கார்ந்து அழுதாள். அவள் அம்மா அவள் முதுகைத் தடவிக்கொண்டே என் மனைவியைப் பார்த்து அழுதார். என் மனைவி அவர்கள் பக்கத்தில் தரையில் போய் உட்கார்ந்துகொண்டாள். ஆண்கள் மூவரும் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றோம்.

அழுது ஓய்ந்த பிறகு அவளாகவே பேசினாள். என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துப் பேசினாள்.

"உங்க கண்ணு தெறந்தே இருந்துச்சு சார். என்னையே பாத்துகினு இருந்தீங்க. ஆனா உள்ள நீங்க இல்ல."

என் மனைவி சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். இதை யாரும் எங்களுக்குச் சொல்லியிருக்கவில்லை. காணொளியில் என் முகம் சரியாகத் தெரியாது. நான் இல்லாத நேரத்தில் என் கண் ஒரு பெண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறது.

"மொதல்ல அமுக்கும்போதே எலும்பு ஒடஞ்சுது. படக்னு கையில தெரிஞ்சுது. பொம்மைல அப்டி இல்ல சார். யாரும் சொல்லல. நாந்தான் கொன்னுட்டேன்னு நெனச்சேன். நிறுத்திட்டா சாருக்கு வலிக்காதுன்னு தோணிச்சு. செத்துட்டவருக்கு எப்டி வலிக்கும்னும் தோணிச்சு. ரெண்டும் மாத்தி மாத்தி. அதான் நிறுத்தாமயே இருந்தேன்."

"நீ நிறுத்தாததாலதான்மா…" என்று தொடங்கினேன்.

"பாராட்டாதீங்க சார்" என்றாள் வேகமாக. "எல்லாரும் அதையே சொல்றாங்க. அப்டி சொன்னா எனக்கு அந்தச் சத்தம் கேக்குது."

அவள் அம்மா யாருக்கும் வேண்டாத ரோஸ் மில்க்கை எல்லோருக்கும் கொண்டுவந்து வைத்தார்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் தன் தகப்பனைப் பார்த்தாள். "அத்தா, ஒரே ஒரு வாட்டி பாத்துக்கட்டா?" என்று கேட்டாள். எதை என்று எனக்குப் புரியவில்லை. அவருக்குப் புரிந்தது. "பாரும்மா" என்றார்.

அவள் எழுந்து வந்து, வலது கையின் இரண்டு விரல்களை என் கழுத்தில், தாடைக்குக் கீழே வைத்தாள். அன்று வைத்துப் பார்த்து ஒன்றும் இல்லை என்று அறிந்த அதே இடம். விரல்கள் ஐஸாக இருந்தன. கண்ணை மூடிக்கொண்டாள். யாரும் அசையவில்லை. என் இதயம் அந்த நேரம் பார்த்து நின்றுவிடக் கூடாதே என்று ஒரு கிறுக்குப் பயம் எனக்கு. அது என்னவோ தடதடவென்று ஓடியது.

"கீது" என்றாள்.

பிறகு இன்னும் கொஞ்சம் வைத்திருந்துவிட்டுக் கையை எடுத்தாள். உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, அம்மா கொண்டுவந்து வைத்த கோழி வறுவலில் பாதியைப் பேசாமல் தின்றாள். அவள் அம்மா அடுப்படியிலிருந்து எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

காரில் திரும்பும்போது நான்தான் அழுதேன். மகன் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கிப்போய்க் கடல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான். விலா வலிக்க வலிக்க அழுதேன். விழுந்ததிலிருந்து அன்றுதான் முதல்முறை.

அவள் மறுநாளே கல்லூரிக்கு வந்துவிட்டாளாம். மேடையேற்றிப் பொன்னாடை போர்த்த வேண்டும் என்று நிர்வாகக் குழு பிடிவாதமாக இருந்திருக்கிறது. பேனர் விவகாரத்துக்குப் பிறகு முதல்வர் அம்மா உறுதியாக நின்றுவிட்டார். "அந்தப் பொண்ணுக்கு என்ன வேணும்னு கேளுங்க" என்றிருக்கிறார். அவள் கேட்டது இரண்டு. தன்னை மேடைக்குக் கூப்பிடக் கூடாது. அந்தக் காணொளியை எல்லோரும் அழித்துவிட வேண்டும். அழித்தார்களா என்பது அவரவருக்குத்தான் தெரியும். அன்று கொடுக்காமல் விட்ட பரிசுகளையெல்லாம் ஒரு மாலை மைதானத்தில் வைத்து, மைக் இல்லாமல், கையிலிருந்து கைக்குக் கொடுத்தார்கள். த்ரோபால் கோப்பையை அணியே தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடியதாம். பாடகர் குழு பாடியதாம். அந்த மாலை எனக்கு யாரோ சொல்லக் கேட்டதுதான். நான் வீட்டில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தேன்.

மருத்துவர் அனுமதித்த பிறகு நான் வகுப்புக்குப் போன முதல் நாள், பாடம் எங்கே நிற்கிறது என்று கேட்டேன். யாரும் வாயைத் திறக்கவில்லை. முன்பெஞ்சுப் பையன் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினான். கூட்டாண்மைக் கணக்குகளில், கூட்டாளியின் இறப்பு. இறந்துபோன கூட்டாளிக்குச் சேர வேண்டியதை எப்படிக் கணக்கிடுவது என்கிற அத்தியாயம்.

வகுப்பு மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. நான் சாக்பீஸை எடுத்துத் தலைப்பை எழுதினேன். எழுதி முடிக்கையில் தூசி மூக்கில் ஏறி, விலாவைப் பிடித்துக்கொண்டு இருமினேன். பலமாக, விடாமல், மேசையில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு.

பின்னால் பெஞ்சுகள் நகரும் சத்தம் கேட்டது. திரும்பினேன். வகுப்பே பாதி எழுந்து நின்றது. அவள் ஏற்கெனவே பெஞ்சை விட்டு வெளியே வந்து, நடைவழியில் பாதி தூரம் கடந்துவிட்டிருந்தாள். இரண்டு கைகளும் ஒன்றின்மேல் ஒன்றாகத் தயாராக இருந்தன.

"ஒன்னும் இல்லம்மா. சாக்பீஸ் தூசி."

அவள் தன் கைகளைப் பார்த்தாள். கரும்பலகையில் நான் எழுதியிருந்த தலைப்பைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள். அதுவரை அடக்கி வைத்திருந்த வகுப்பும் சிரித்தது. நான் உட்கார்ந்துகொண்டு, தண்ணீர் குடித்துவிட்டு, முதல் கணக்கை வாசிக்கச் சொன்னேன்.